வார்டுக்கு ஒரு சுகர் மிஷின்: இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் எப்படித் துடைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரே சுகர் மிஷினை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேருக்கு சி.பி.ஜி. (விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை அளவு) பார்ப்பது அன்றாட வேலை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் டிரேயைத் தூக்கினால் கடைசிக் கட்டில் வரை ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்தில் மிஷினைத் துடைப்பது பற்றி ஸ்டாஃப் நர்சுகளும், சின்ன நர்சிங் ஹோம்காரர்களும், வீடு வீடாகச் சுகர் பார்க்கும் தன்னார்வலர்களும் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். உங்கள் மிஷினோடு வந்த கையேடு வேறு ஏதாவது சொன்னால் கையேட்டுச் சொல்லே மேல்.

ரத்தம் ஸ்ட்ரிப்பில்தானே படுகிறது? மிஷினை எதற்குத் துடைக்க வேண்டும்?

உங்கள் இடது கைக் கட்டைவிரலை மட்டும் ஒரு சுற்று கவனித்துப் பாருங்கள். நோயாளியின் விரலைப் பிடிக்கிறது. குத்திய இடத்துக்குப் பக்கத்தில் லேசாக அழுத்துகிறது. துளி ஸ்ட்ரிப்பில் ஏறியதும் பஞ்சை வைத்து அமுக்குகிறது. அதே கட்டைவிரல்தான் மிஷினின் பட்டனை அமுக்கி ஸ்ட்ரிப்பைத் தள்ளிவிடுகிறது. அடுத்த கட்டிலில் மிஷினை எடுப்பதும், அந்த நோயாளியின் விரலைப் பிடிப்பதும் அதேதான். பட்டனின் ஓரத்தில் ஒட்டிய ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிற அவசியமே இல்லை.

ஹெபடைட்டிஸ் பி கிருமி கடுமையாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில், ஒரு மில்லியில் பத்துக் கோடிக்கு மேல் வைரஸ் இருக்கலாம். காய்ந்துபோன பரப்பிலும் அது குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தொற்று வெளியே தெரிய ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ வீட்டில் இருப்பார். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருப்பாரே தவிர, நம் வார்டு மிஷினை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. "எங்க வார்டில் இதுவரை ஒண்ணும் ஆனதில்லை" என்கிற பேச்சை அதனால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் வழி இதேதான். ஆனால் சுகர் பார்ப்பதோடு சேர்ந்து அதிகம் பதிவானது ஹெபடைட்டிஸ் பி.

ஊசியை ஆளுக்கு ஆள் மாற்றுகிறோம். குத்துகிற பேனா மட்டும் பொது. பரவாயில்லையா?

கூடாது. இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு 'ஆனால்' உண்டு, இதற்குக் கிடையாது.

ஸ்பிரிங் விடுபட்டதும் ஊசி தோலைக் குத்திவிட்டு பேனாவுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. மூடியின் ஓட்டை விளிம்பு விரலில் அழுந்தியிருக்கிறது. அந்த விளிம்பிலும் மூடியின் உட்பக்கத்திலும் ரத்தம் ஒட்டும். அடுத்தவருக்குப் புது ஊசி போட்டாலும் அது அதே ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். 1990-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹெபடைட்டிஸ் பி பரவியதைத் தேடிப் போனபோது, ஸ்பிரிங் வைத்த குத்தும் கருவியைப் பலருக்கும் பயன்படுத்தியதில்தான் போய் நின்றது.

வார்டுக்கு வேண்டியது, ஒரு தடவை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சேஃப்டி லான்செட் என்கிற குத்தூசி. வீட்டு மிஷின் பெட்டியோடு பேனாவும் வந்திருந்தால் அதை வார்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். டிராயரில் கிடந்தால் நைட் டியூட்டியில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

சில இடங்களில் லான்செட் தீர்ந்தால் சிரிஞ்சு ஊசியால் குத்துகிறார்கள். புது ஊசி, ஒரே ஆளுக்கு என்றால் அடுத்தவருக்குத் தொற்றும் பயம் இல்லை. ஆனால் எவ்வளவு ஆழம் போகிறது என்பது கையில் இல்லை. தவிர, திரும்ப மூடி போடும்போது நம் விரலிலேயே ஏறும்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறோமே, அது போதாதா?

போதாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-ல் மிஷின் தயாரிப்பாளர்களுக்கு எழுதியதில் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. 70 சதவீத எத்தனால் ரத்தம் வழிப் பரவும் வைரஸ்களுக்கு எதிராகப் பலன் தராது. 10 சதவீத பிளீச் கரைசல் மிஷினையே கெடுத்துவிடலாம்.

ஸ்பிரிட்டின் சங்கடம் இரண்டு. ஒன்று, ரத்தத்தில் இருக்கும் புரதத்தை அது உறைய வைத்துப் பரப்போடு ஒட்டிவிடும். அழுக்கை நீக்குகிற வேலை அதற்கு வராது. இரண்டு, ஃபேனுக்குக் கீழே அரை நிமிஷம்கூட ஈரமாக நிற்காது. நோயாளியின் விரலைத் துடைக்க ஸ்பிரிட் சரி. மிஷினுக்கு அது வாசனை மட்டும்தான்.

அப்படியென்றால் எதால் துடைப்பது?

மிஷின் கையேட்டில் 'சுத்தம் செய்தல், கிருமி நீக்கம்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறதோ அதுதான். ஆஸ்பத்திரிக்கென்றே செய்த மிஷின்களில் பெரும்பாலும் இரண்டு வகை வைப்ஸ் (கிருமிநாசினியில் ஊறிய துடைப்புத் தாள்) சொல்லியிருப்பார்கள்: குவாட்டர்னரி அமோனியமும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்தவை, அல்லது 0.5 சதவீத அளவில் சோடியம் ஹைப்போகுளோரைட் ஊறியவை. சிலதில் ஹைட்ரஜன் பெராக்சைடு வைப்ஸும் உண்டு.

வைப்ஸ் டப்பாவை வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு வரி. ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. பெயர்கள் லேபிளில் இருக்கின்றனவா என்பது ஒன்று. எத்தனை நிமிஷம் ஈரமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'தொண்ணூற்றொன்பது சதவீதக் கிருமிகள்' என்று பூப்படம் போட்ட கடை வைப்ஸ், குழந்தை வைப்ஸ் எல்லாம் இதற்கு ஆகாது.

கையேட்டில் கிருமி நீக்கம் பற்றி ஒரு வரியும் இல்லாமல் 'ஈரத் துணியால் துடைக்கவும்' என்று மட்டும் இருந்தால், அது ஒரே ஆள் வீட்டில் வைத்துப் பார்க்கச் செய்த மிஷின். அதை வார்டில் பொதுவாக வைக்கக் கூடாது. விலை குறைவு என்று சின்ன நர்சிங் ஹோம்களில் அதிகம் நடப்பது இதுதான். வேறு வழியில்லை என்றால் அந்த மிஷினை அட்மிஷன் ஆகும் ஒருவருக்கென்று பெயர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

வார்டில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கலந்து வைத்திருக்கிறோம். அதில் துணியை நனைத்துத் துடைக்கலாமா?

தரையில் சிந்திய ரத்தத்துக்காக வைத்திருக்கும் 1 சதவீத ஹைப்போவை மிஷினில் போடாதீர்கள். திரை மங்கும், பட்டன் ரப்பர் வெடிக்கும், ஸ்ட்ரிப் நுழையும் இடத்தின் உலோகத் தகடு அரித்துப்போகும்.

கையேடு 0.5 சதவீதத்தை அனுமதித்தால் மட்டும் இப்படிக் கலக்கலாம்: கேனில் வரும் ஸ்டாக் 5 சதவீதம் என்றால் 1 பங்கு ஹைப்போ, 9 பங்கு தண்ணீர். அதாவது 100 மில்லிக்கு 10 மில்லி ஹைப்போ, 90 மில்லி தண்ணீர். ஸ்டாக் 4 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 7 பங்கு. ஸ்டாக் கேனில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் கலப்பதுதான் வழக்கமான தப்பு. அன்றன்று புதிதாகக் கலந்து, வெளிச்சம் புகாத டப்பாவில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த ஹைப்போவில் நெடி இருக்கும், சக்தி இருக்காது. ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் அளக்க வேண்டாம்.

துணியைப் பிழிந்தெடுத்த பிறகே மிஷினைத் தொட வேண்டும். உரிய நேரம் ஆனதும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் ஒரு தடவை துடைத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வைப்ஸ் வாங்க முடிகிற இடத்தில் இந்தப் பாடு தேவையில்லை.

கட்டிலருகே செய்ய வேண்டிய வரிசை என்ன?

டிரேயைக் கட்டிலில் வைக்காதீர்கள். டிராலியில் இருக்கட்டும். அந்த ஒருவருக்கு வேண்டிய ஒரு ஸ்ட்ரிப், ஒரு லான்செட், இரண்டு பஞ்சு, மிஷின், இவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். ஸ்ட்ரிப் டப்பா டிராலியிலேயே நிற்கட்டும். ரத்தம் பட்ட கிளவுஸ் அதற்குள் போனால் மிஷினைத் துடைத்து என்ன பயன்?

கையைச் சுத்தம் செய்து கிளவுஸ் போடுங்கள். குத்தி, பார்த்து, எண்ணை எழுதிய கையோடு லான்செட்டை அங்கேயே ஊசி போடும் வெள்ளை டப்பாவில் போட்டுவிடுங்கள். ஸ்ட்ரிப்பையும் பஞ்சையும் பையில் போட்டு, மிஷினை டிராலியில் 'அழுக்கு' என்று ஒதுக்கிய பக்கத்தில் ஒரு தாளின் மேல் வையுங்கள். கிளவுஸைக் கழற்றுங்கள். கையைச் சுத்தம் செய்து புது கிளவுஸ் போடுங்கள். பெரும்பாலோர் தாவுகிற படி இதுதான். ரத்தம் பட்ட கிளவுஸோடு வைப்ஸ் டப்பாவுக்குள் கை விட்டால், அந்த டப்பாவும் போயிற்று.

முதல் வைப்ஸ் அழுக்குக்கு. மிஷினை ஸ்ட்ரிப் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, திரை, பட்டன்கள், பின்பக்கம், இரண்டு ஓரம், கடைசியில் வாயைச் சுற்றி என்று துடையுங்கள். அந்த வைப்ஸைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது வைப்ஸ் கிருமிக்கு. அதே வரிசையில் போய், பரப்பு முழுக்க மினுமினுவென்று ஈரமாகும்படி துடைத்து, லேபிள் சொன்ன நேரம் வரை ஈரமாகவே விடுங்கள். பிறகு தானாகக் காயட்டும். சீக்கிரம் காய வேண்டுமென்று பஞ்சால் ஒற்றி எடுத்தால் இரண்டாவது வைப்ஸைப் போட்டதே வீண்.

ஒரே வைப்ஸை மடித்து இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ரத்தத்தை எடுத்த துணியிலேயே கிருமி நீக்கும் மருந்தை எதிர்பார்ப்பது, கறிச்சட்டி தேய்த்த நாரால் பால்குண்டானைத் தேய்ப்பது போலத்தான்.

பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம் காத்திருந்தால் இட்லி ஆறிவிடும், இன்சுலின் தள்ளிப்போகும். நடக்கிற காரியமா?

ஒரு மிஷினோடு என்றால் நடக்காதுதான். இரண்டு நிமிஷ வைப்ஸ், பன்னிரண்டு பேர், காத்திருப்பது மட்டும் 24 நிமிஷம். நாளுக்கு நாலு வேளை என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். எந்த சிஸ்டரும் அதைச் செய்ய மாட்டார், செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

இதற்கு வழி இரண்டு மிஷின். 'அ', 'ஆ' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 'அ' முதல் கட்டிலில் வேலை முடித்து டிராலியில் ஈரமாக நிற்கும்போது 'ஆ' இரண்டாவது கட்டிலுக்குப் போகிறது. கை கழுவி, நோயாளியை எழுப்பி, விரலைத் துடைத்துப் பார்த்து முடிக்க எப்படியும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 'அ' தயார். காத்திருக்கும் நேரம் பூஜ்யம். மிஷின் விலையைவிட ஸ்ட்ரிப்புக்குத்தான் ஆஸ்பத்திரி அதிகம் செலவழிக்கிறது என்று நிர்வாகத்திடம் கணக்குக் காட்டினால் இரண்டாவது மிஷின் கிடைக்கும். வைப்ஸ் இண்டென்ட் போடும்போது ஒரு டெஸ்டுக்கு இரண்டு என்று எழுதுங்கள். பன்னிரண்டு பேர், நாலு வேளை என்றால் நாளைக்கு 96. இதைக் குறைத்து எழுதினால் மாசக் கடைசியில் ஸ்பிரிட் பஞ்சு திரும்பி வந்துவிடும்.

வைப்ஸ் போட்டால் இரண்டு நிமிஷம் ஈரம் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

மே மாசத்தில், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் வார்டில் நிற்காதுதான். ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். மிஷினைத் துடைத்து டிராலி நிற்கும் அதே இடத்தில் வைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டு சாய்வாக வெளிச்சத்தில் நோக்குங்கள். பட்டன் மேடு முதலில் காயும், பிறகு திரை. இரண்டு நிமிஷம் வரவில்லை என்றால் டிராலியை ஃபேனுக்கு நேர் கீழே நிறுத்தாமல் சுவரோரம் நிறுத்துங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இடையில் இன்னொரு வைப்ஸ் போட்டு ஈரத்தைத் தொடர வையுங்கள்.

இன்னொரு காரணம், வைப்ஸ் டப்பாவின் மூடி. வைப்ஸை இழுத்துவிட்டு மூடியைச் சரியாக அமுக்காமல் போனால் மேலே இருக்கும் பத்துப் பதினைந்து வைப்ஸ் அப்பளமாகிவிடும். காய்ந்த வைப்ஸில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்றிப் பயன்படுத்தக் கூடாது.

ஸ்ட்ரிப் நுழையும் வாய்க்குள் ரத்தம் போய்விட்டது. என்ன செய்வது?

மிஷினை நிறுத்தி ஓரம் கட்டுங்கள். ஊசி, ஹேர்பின், பஞ்சு சுற்றிய தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே இருக்கும் தொடுதகடுகள் மிக மெலிசாக வளைந்து நிற்பவை. சில மிஷின்களில் வாய்ப்பகுதியைக் கழற்றி மாற்றலாம், கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி ஆளிடம் மாற்றிக் கேளுங்கள்.

இது ஏன் நடக்கிறது? ஸ்ட்ரிப்பின் ஓரத்தைத் துளியில் லேசாகத் தொட்டால் ரத்தம் தானே உறிஞ்சப்படும். மிஷினைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து ரத்தத்தைச் சொட்ட விட்டால் உள்ளே வழியும். மருந்தும் அப்படித்தான் உள்ளே போகிறது: ஸ்பிரே அடிப்பது, சொட்டச் சொட்ட நனைந்த வைப்ஸைப் பிழியாமல் வாயில் அமுக்குவது. திரையில் எர்ரர் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஈரத்தை.

மிஷினோடு வந்த கறுப்பு ஜிப் பையில் வைக்கலாமா?

வேண்டாம். துணிப்பையைக் கிருமி நீக்கம் செய்ய முடியாது. துடைத்த மிஷினை அதில் போட்டால் பழைய ரத்தத்தோடு உறவாடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். அதையும் ஷிப்டுக்கு ஒரு தடவை துடையுங்கள். மிஷினைச் சுற்றி பாலிதீன் தாளும் செல்லோ டேப்பும் ஒட்டுகிற பழக்கமும் நல்லதில்லை. டேப்பின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஏறுகிறதே, அது என்னவென்று நினைக்கிறீர்கள்?

ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் நோயாளிக்குத் தனி மிஷின் வைத்துவிட்டால், மற்றவர்களுக்குத் துடைக்காமல் விடலாமா?

விடக் கூடாது. பாசிட்டிவ் என்று கேஸ் ஷீட்டில் எழுதியவர் நமக்குத் தெரிந்தவர். தெரியாதவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். தனி மிஷின் கொடுக்க வேண்டியது ஐசொலேஷனில் இருப்பவருக்கும், கடும் பேதியாகி சி. டிஃபிசைல் என்கிற குடல் கிருமி என்று சந்தேகப்படுபவருக்கும். அந்தக் கிருமியின் வித்து ஆல்கஹாலுக்கும் குவாட்டர்னரி அமோனியத்துக்கும் சாகாது.

துடைத்த பிறகு எண் தப்பாகக் காட்டுகிறது. மருந்துதான் காரணமா?

இருக்கலாம். முழுதும் காயாமல் ஸ்ட்ரிப்பைச் செருகினால் வாயோரத்து ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் கரைசலை (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்) போட்டு, ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். மிஷின் கீழே விழுந்தால், புது ஸ்ட்ரிப் டப்பா உடைத்தால், எண்ணும் நோயாளியின் நிலையும் ஒட்டவில்லை என்றால், அப்போதும் இதே சோதனை. 2013-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 15197 தரப்படி 100 மி.கி.க்குக் கீழே 15 மி.கி., அதற்கு மேல் 15 சதவீதம் முன்பின்னாக இருப்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே 212, 228 என்று இரண்டு எண் வந்தால் மிஷினைத் திட்ட வேண்டாம்.

ஆனால் பாதி நேரம் கோளாறு விரலில் இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் கொடுத்த அல்வாவையோ கருப்பட்டியையோ தொட்ட விரலில் பார்த்தால் 300, கழுவிப் பார்த்தால் 160 என்று வரலாம். ஸ்பிரிட் பஞ்சு சர்க்கரைப் பிசுக்கை முழுதாக எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் எண் கெடும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு விரல் நுனி தேய்ந்து காய்ப்பேறியிருக்கும். நடு நுனியில் குத்தினால் துளி வராது, உடனே பிதுக்கத் தொடங்குவோம். பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் மாறும், ரத்தமும் கிளவுஸெல்லாம் ஆகும். நடுவிரலிலோ மோதிர விரலிலோ பக்கவாட்டில் குத்துங்கள். கையை வெந்நீரில் கழுவச் சொல்லி, கீழே தொங்கவிடச் சொன்னால் தானே வரும். ரத்தசோகை மிகுந்தவர்களுக்குப் பல மிஷின்கள் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். அங்கே லேப் ரத்தத்தை நம்புங்கள்.

சாரல் காலத்தில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடுகிறது என்கிறார்களே?

உண்மைதான். குற்றாலம், செங்கோட்டை, தென்காசியில் ஆனி, ஆடிக் காற்றில் இருக்கும் ஈரம் போதும். டப்பா மூடியின் உட்பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடிவிட்டால் அது வேலை செய்யும். பன்னிரண்டு ஸ்ட்ரிப்பை மொத்தமாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ரவுண்டு கிளம்புவது இரட்டைத் தப்பு: ஈரமும் ஏறும், கையும் படும். டப்பாவைத் திறந்த தேதியை எழுதுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறோம். அங்கே எப்படி?

2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மிஷின்தான் வீட்டுக்கு வீடு நடக்கிறது. விதி மட்டும் வார்டு விதியேதான். வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து பார்க்கும்போது மிஷினைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் உங்கள் தட்டிலேயே ஒரு தாளின் மேல் வையுங்கள். பார்த்து முடித்ததும் அந்த வீட்டு வாசலைத் தாண்டும் முன் இரண்டு வைப்ஸும் முடிந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரத்தில் ஈரம் நின்று காய்ந்துவிடும். இதற்கென்று தனியாக நேரமே போகாது.

லான்செட்டுக்குக் குத்துப்படாத சின்ன வெள்ளை டப்பா கையோடு இருக்கட்டும். அந்த வீட்டுக் குப்பையில் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். டப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். ராதாபுரம், திசையன்விளை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஸ்ட்ரிப்பை வைக்காதீர்கள். பல டப்பாக்களில் 30 டிகிரிதான் மேல்வரம்பு, வெயிலில் நிற்கும் பெட்டி அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. வைப்ஸும் அதில் காய்ந்து போகும்.

கழிவு எந்தப் பையில்?

2016-ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகளின்படி லான்செட், ஊசி எல்லாம் குத்துப்படாத வெள்ளை டப்பா. முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை. கிளவுஸ் சிவப்புப் பை. ஸ்ட்ரிப்புக்கு உங்கள் ஆஸ்பத்திரிக் கழிவுக் குழு எந்த நிறம் சொல்லியிருக்கிறதோ அதில். சாப்பாட்டு இலை போடும் தொட்டியில் மட்டும் வேண்டாம்.

துடைக்கும் அவசரத்தில் ஊசி குத்திவிட்டது.

சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்க வேண்டாம், ஹைப்போவில் முக்க வேண்டாம். உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு இம்யூனோகுளோபுலினை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. தடுப்பூசி 0, 1, 6-ஆம் மாதங்களில் மூன்று டோஸ். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு மில்லிக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் துடைக்கிறார்களா என்று இன்சார்ஜ் எப்படிக் கண்டுபிடிப்பது?

கையெழுத்துப் புத்தகத்தை நம்பாதீர்கள். ஷிப்ட் முடிவில் ஒரே பேனாவில் மொத்தமாக டிக் விழும். புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் மார்க்கரால் பட்டன் பக்கத்திலும் பின்பக்க மூலையிலும் ஒரு புள்ளி வையுங்கள். ஷிப்ட் முடிந்ததும் டார்ச் அடித்தால் தெரியும். திரைப் பக்கப் புள்ளி போயிருக்கும், பின்பக்கப் புள்ளி அப்படியே இருக்கும். அநேகமாக அதுதான் நடக்கும். யாரையும் திட்டுவதற்காக வேண்டாம், அந்தப் பின்பக்க மூலையைக் காட்டிக்கொடுத்தால் போதும். வைப்ஸ் செலவையும் டெஸ்ட் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது இன்னும் சுலபம். 300 ஸ்ட்ரிப் போன வாரத்தில் 80 வைப்ஸ்தான் போயிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நோயாளி வீட்டார் நாங்கள் என்ன கவனிக்கலாம்?

"எய்யா, ஊசி புதுசுதானா?" என்று சில ஆச்சிகள் கேட்பதுண்டு. சரியான கேள்வி. லான்செட்டின் மூடியை உங்கள் கண்முன் திருகி எடுக்கிறார்களா, கிளவுஸ் மாற்றினார்களா, மிஷினைத் துடைத்தார்களா என்று கேளுங்கள். சிஸ்டர் கோபப்பட வேண்டிய கேள்வியும் இல்லை. வீட்டில் அப்பாவுக்கும் சித்திக்கும் ஒரே பேனா ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள்; சொந்தம் என்பது கிருமிக்குத் தெரியாது.

இன்சுலின் பேனாவை ஊசி மாற்றி இரண்டு பேருக்குப் போடலாமா?

கூடாது. போட்டு முடித்ததும் ரத்த அணுக்கள் பின்னோக்கி ஏறி, இன்சுலின் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் போகலாம். பேனாவின் உடலில் பெயர் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் மூடி மாறிப்போகும்.

மிஷினை எப்போது கழித்துக் கட்டுவது?

திரையில் எண் மங்கும்போது, பட்டன் அமுங்கி மேலே வராமல் நிற்கும்போது, உடலில் விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது, பார்கோடு படிக்கும் கண்ணாடி வெள்ளை பூக்கும்போது. விரிசலுக்குள் போன ரத்தத்தை எந்த வைப்ஸும் எடுக்காது. 6-ஐ 8 என்று படித்து இன்சுலின் போடுகிற ஆபத்தும் மங்கிய திரையில்தான். சர்வீசுக்கோ கழிக்கவோ கொடுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை இரண்டு வைப்ஸ் போட்டு, பேட்டரியைக் கழற்றி, 'கிருமி நீக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதி ஒட்டிக் கொடுங்கள்.